கடலூர் சாலையில் பன்னிரண்டு பேர்: வெளித்தாக்குதலையும் உள்வன்முறையையும் ஒப்பிடலாமா?

புதுச்சேரியில் ஜூலை மாதம் இரண்டு அஞ்சலி நடக்கும். 14-ஆம் தேதி கடற்கரைச் சாலையில், பிரெஞ்சுப் போர் நினைவிடத்தில். தூதரக அதிகாரிகள் மலர்வளையம் வைப்பார்கள். மார்பில் பதக்கம் குத்திய முன்னாள் சொல்தாக்கள், அதாவது பிரெஞ்சுப் படையில் இருந்தவர்கள், வரிசையாக நிற்பார்கள். முந்தின நாள் இரவே விளக்கு ஊர்வலம் போய் முடிந்திருக்கும். சுற்றுலா வந்தவர்கள் கைப்பேசியைத் தூக்கிப் பிடிப்பார்கள். 30-ஆம் தேதி நடப்பது வேறு மாதிரி. முதலியார்பேட்டைப் பக்கம், கடலூர் சாலையில், தொழிற்சங்கக்காரர்கள் செங்கொடியோடு கூடி, 1936-இல் சுட்டுக் கொல்லப்பட்ட பன்னிரண்டு பஞ்சாலைத் தொழிலாளர்களுக்கு வீரவணக்கம் செலுத்துவார்கள். பஸ்ஸில் போகிறவர்கள் என்ன கூட்டம் என்று எட்டிப் பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

முதல் அஞ்சலி வெளிநாட்டு எதிரியோடு நடந்த போரில் இறந்தவர்களுக்கு. இரண்டாவது, தங்களை ஆண்ட அரசின் துப்பாக்கிக்கே இரையானவர்களுக்கு. இந்த இரண்டு வகைச் சாவையும் ஒரே தராசில் வைக்கலாமா என்ற கேள்வி சில ஆண்டுகளுக்கு முன்பு அமெரிக்காவில் பெரிய சண்டையாக வெடித்தது. 2022 ஜனவரி 6 அன்று, வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடம் டிரம்ப் ஆதரவாளர்களால் தாக்கப்பட்டதன் முதலாண்டு நினைவில் பேசிய அப்போதைய துணை அதிபர் கமலா ஹாரிஸ் மூன்று தேதிகளை அடுத்தடுத்துச் சொன்னார்: 1941 டிசம்பர் 7, 2001 செப்டம்பர் 11, 2021 ஜனவரி 6. பேர்ல் ஹார்பரில் 2,403 பேர் இறந்தார்கள், செப்டம்பர் 11-இல் 2,977 பேர் இறந்தார்கள், அந்தச் சாவுகளோடு ஒரு நாள் கலவரத்தை எப்படிச் சேர்க்கலாம் என்று ஒரு தரப்பு கொதித்தது. எண்ணிக்கையை விடுங்கள், தேர்தல் முடிவையே கவிழ்க்கப் பார்த்தார்களே, அது எந்தக் குண்டுவீச்சுக்குக் குறைந்தது என்றது மறுதரப்பு.

இரண்டு தரப்பும் அளந்தது ஒன்றைத்தான்: எது பெரிய அதிர்ச்சி. அந்த அளவுகோல் எனக்குப் போதவில்லை. வன்முறை ஓய்ந்த மறுநாள் காலையில் யார் யாரைக் கேள்வி கேட்க முடிந்தது என்று பார்த்தால்தான் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பிடிபடும் என்பது என் வாதம். அதற்கு எங்கள் ஊர் நல்ல இடம். வெளித்தாக்குதலையும் வேண்டிய மட்டும் பார்த்த ஊர். உள்ளேயிருந்து வந்த அடியையும் வாங்கிய ஊர்.

1936 ஜூலை 30

அப்போது புதுச்சேரியில் மூன்று பெரிய பஞ்சாலைகள்: சவானா, ரோடியர், கேப்ளே. சுதேசி மில், ஏ.எஃப்.டி. மில், பாரதி மில் என்று சொன்னால் இன்றைக்கு இருப்பவர்களுக்கு விளங்கும். நூற்று, நெய்து, நீலச் சாயம் தோய்த்த துணியைச் செனகல் வரை கப்பலேற்றிய ஊர் இது. சங்கு ஊதியதும் உள்ளே போனவர்கள் பொழுது சாய்ந்துதான் வெளியே வந்தார்கள். சிறுவர்களும் வேலை பார்த்தார்கள். சங்கம் வைக்கும் உரிமை கிடையாது. பக்கத்து பிரிட்டிஷ் எல்லைக் கிராமங்களிலிருந்தும் ஆட்கள் நடந்தே வேலைக்கு வந்தார்கள். புதுச்சேரி வரைபடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு வாய்க்காலைத் தாண்டினால் வேறு நாடு, இன்னொரு வரப்பைத் தாண்டினால் மறுபடியும் பிரெஞ்சு நாடு.

1934-இல் தொழிற்சங்கத் தலைவர் வ. சுப்பையா 'சுதந்திரம்' இதழைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே சவானா மில்லில் வேலைநிறுத்தம் நடந்தது. ஆனால் 1936-இன் கதையைப் புரிந்துகொள்ளப் பாரிஸையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு மே, ஜூன் மாதங்களில் பிரான்ஸ் முழுக்கத் தொழிலாளர்கள் ஆலைகளுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு வெளியே வர மறுத்தார்கள். புதிதாக ஆட்சிக்கு வந்திருந்தது லெயோன் ப்ளூம் தலைமையிலான மக்கள் முன்னணி. சோஷலிஸ்டுகளின் அரசு, கம்யூனிஸ்டுகளின் ஆதரவு. அந்த அரசு ஆலைக்குள் போலீஸை அனுப்பவில்லை. முதலாளிகளையும் சங்கத்தையும் ஒரே மேசையில் உட்கார வைத்தது. ஜூன் 7-ஆம் தேதி ஒப்பந்தம் கையெழுத்தானது. சங்க உரிமை, கூலி உயர்வு, அதைத் தொடர்ந்து வாரம் 40 மணி நேர வேலைச் சட்டம், சம்பளத்தோடு விடுமுறை என்று எல்லாம் வரிசையாக வந்தன.

புதுச்சேரித் தொழிலாளர்களும் அதே வழியில்தான் போனார்கள். அதே கொடி, அதே அரசு, அதே ஆண்டு. எட்டு மணி நேர வேலையும் சங்க உரிமையும் கேட்டு ஆலைக்குள் உட்கார்ந்தார்கள். பாரிஸ் ஒப்பந்தத்துக்கு எட்டு வாரம்கூட நிறையாத நிலையில், ஜூலை 30 அன்று, சவானா மில்லுக்குப் பேச்சுவார்த்தைக்காரர்களுக்குப் பதில் ஆயுதப் படை வந்தது. இயந்திரத் துப்பாக்கி வந்தது. பன்னிரண்டு பேர் செத்தார்கள். மில்லின் ஒரு பகுதி தீப்பிடித்து எரிந்தது.

அந்த ஆண்டே கவர்னர் சொலோமியாக் போய் குரோசிக்கியா வந்தார். அக்டோபரில் நேரு புதுச்சேரிக்கு வந்தார். அடுத்த ஆண்டு சுப்பையா பாரிஸ் வரைக்கும் போய் வாதாடினார். 1937 ஏப்ரல் 6-ஆம் தேதி ஆணை வெளியானது: எட்டு மணி நேர வேலை, சங்கம் அமைக்கும் உரிமை. ஆசியாவிலேயே முதன்முதலில் எட்டு மணி நேரம் கிடைத்தது இங்குதான் என்று எங்கள் ஊரில் மேடைக்கு மேடை சொல்வார்கள். ஆசியா பெரிய கண்டம். அந்தப் பட்டத்துக்காக நான் சண்டை போட மாட்டேன். ஆனால் பக்கத்தில் இருக்கும் கடலூரோடு ஒப்பிட்டால் சங்கதி புரியும். எல்லைக்கு அந்தப் பக்கம் 1934-ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டப்படி ஒரு நாளைக்கு 10 மணி நேரம், வாரத்துக்கு 54 மணி நேரம். அது 48 மணியாகக் குறைய 1946 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பன்னிரண்டு பிணம் விழுந்த சில மாதங்களில் இந்தப் பக்கம் கிடைத்ததற்கு அந்தப் பக்கம் ஒன்பது ஆண்டு கூடுதலாகப் பிடித்தது.

இது உள்வன்முறைதானா?

நியாயமான ஆட்சேபம் ஒன்று உடனே எழும். ஆட்சி செய்தவன் வெள்ளைக்காரன். அப்படியானால் 1936-இல் நடந்தது அந்நியன் நம்மைத் தாக்கியதுதானே, இதை எப்படி உள்நாட்டு வன்முறை என்பது?

ஏட்டளவில் பதில் எளிது. பிரெஞ்சிந்தியாவிலிருந்து பாரிஸ் நாடாளுமன்றத்துக்கு உறுப்பினர் போனார். ஆண்களுக்கு வாக்குரிமை இருந்தது. அந்தத் தேர்தல்கள் எந்த லட்சணத்தில் நடந்தன என்பது தனிக்கதை. அடியாட்களும் போலி ஓட்டும் இல்லாமல் பெட்டி திறந்ததில்லை. ஆனாலும் சட்டப்படி தொழிலாளியும் கவர்னரும் ஒரே ஆட்சிக்கு உட்பட்டவர்கள். காவல் படையின் கீழ்மட்டச் சிப்பாய்களோ தமிழ் பேசுகிறவர்கள்.

இதே எல்லையை மறுபக்கத்திலிருந்து பாருங்கள். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்டார். சுட்ட வாஞ்சிநாதன் அதற்கு முன் புதுச்சேரிக்கு வந்து போனவர். இங்கே தங்கியிருந்த வ.வே.சு. ஐயரிடம் துப்பாக்கிப் பயிற்சி பெற்றவர். பிரிட்டிஷ் அரசின் பார்வையில் அது அந்நிய மண்ணில் உட்கார்ந்து தீட்டிய சதி. அதற்குப் பிறகு புதுச்சேரித் தெருக்களில் பிரிட்டிஷ் உளவாளிகள் மொய்த்தார்கள். தமிழர்களின் பார்வையில் அது சொந்த மண்ணில் சொந்தப் பிரச்சினை. ஒரே குண்டு, ஒருவருக்கு வெளியே இருந்து வந்தது, இன்னொருவருக்கு உள்ளே இருந்து வந்தது.

ஆகவே தோல் நிறத்தையோ பாஸ்போர்ட்டையோ வைத்து இதைத் தீர்க்க முடியாது. நான் எடுத்துக்கொள்ளும் சோதனை வேறு. உன்னைக் காப்பாற்ற வேண்டிய கடமை அடித்தவனுக்கு இருந்ததா? இருந்தால் அது உள்வன்முறை. உனக்கு எந்தக் கடமையும் படாதவன் அடித்தால் வெளித்தாக்குதல். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தில் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டனின் தளபதிக்குச் சென்னை மக்களிடம் எந்தக் கடமையும் இல்லை. உயிர்ச்சேதம் பெரிதில்லை, பீதி பெரிது. நகரமே காலி செய்துகொண்டு ஓடியது. இருந்தும் எம்டன் ஏன் சுட்டது என்று கேட்டு யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. எதிரி, சுட்டான். நவம்பர் 9-ஆம் தேதி கோகோஸ் தீவருகே அந்தக் கப்பலும் முடிந்தது, கணக்கும் முடிந்தது. சவானா மில்லில் இயந்திரத் துப்பாக்கியைக் கொண்டுவந்து வைக்கச் சொன்ன நிர்வாகத்துக்கோ அந்தத் தொழிலாளர்களைக் காப்பாற்றும் கடமை இருந்தது. அதனால் அந்தக் கணக்கு இன்றுவரை திறந்தே கிடக்கிறது.

முற்றுகைக்குள் ஒரு முற்றுகை

இந்தச் சோதனையை வைத்துக்கொண்டு பதினெட்டாம் நூற்றாண்டுக்குப் போனால் விஷயம் இன்னும் சிக்கலாகிறது. எனக்கு இந்த ஆய்விலேயே அதிகம் பிடித்த பகுதி இதுதான்.

1748-இல் ஆங்கிலேய அட்மிரல் பாஸ்காவென் புதுச்சேரியை முற்றுகையிட்டார். கடலிலிருந்தும் நிலத்திலிருந்தும் குண்டு விழுந்தது. வெளித்தாக்குதல் என்பதற்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் கிடைக்காது. அந்த முற்றுகை நடந்துகொண்டிருந்த செப்டம்பரில்தான் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயின் அரசு ஊருக்கு நடுவில் இருந்த வேதபுரீசுவரர் கோயிலை இடித்தது. அரைநூற்றாண்டாகப் பாதிரிமார்கள் கேட்டுக்கொண்டிருந்தது; அமைதிக் காலத்தில் எந்தக் கவர்னராலும் செய்ய முடியாதது. முன்பு முயன்றபோதெல்லாம் ஊர் திரண்டு எதிர்த்தது, நெசவாளிகளும் வணிகர்களும் ஊரை விட்டே போய்விடுவோம் என்றார்கள், பிரெஞ்சுக் கம்பெனி பின்வாங்கியது. முற்றுகைக் காலத்தில் யார் எங்கே போவது? துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் இதை வயிறெரிந்து எழுதி வைத்திருக்கிறார். எரிகிற வீட்டில் பிடுங்கின வரை லாபம் என்று நடந்துகொண்டது அரசு. அக்டோபரில் பாஸ்காவென் தோற்றுத் திரும்பினார். கோயில் மீண்டும் எழ நாற்பது ஆண்டு ஆனது.

அடுத்தது 1758. பிரெஞ்சுத் தளபதி லாலி கடலூரைப் பிடித்து, ஜூன் 2 அன்று தேவனாம்பட்டினத்துச் செயின்ட் டேவிட் கோட்டையைக் கைப்பற்றி, பிறகு வெடி வைத்துத் தகர்த்தார். இன்றைக்கு அந்தப் பக்கம் போனால் மிச்சம் மீதிச் சுவர்கள்தான் தெரியும். அதற்குப் பழி வாங்கும் முறை வந்தது. 1760 இறுதியில் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் புதுச்சேரியை வளைத்தார். உள்ளே அரிசி தீர்ந்துகொண்டே வந்தது. அப்போது லாலி எடுத்த முடிவைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

நவம்பர் கடைசியில், வாய்களைக் குறைப்பதற்காக, நகரத்துக்குள் இருந்த தமிழ் மக்கள் சுமார் 1,400 பேரைக் கோட்டைக்கு வெளியே விரட்டினார். ஆண், பெண், குழந்தை என்ற பேதமில்லாமல். அவர்கள் ஆங்கிலேயக் காவல் வரிசை வரை நடந்தார்கள். ஆங்கிலேயர் திருப்பி அனுப்பினார்கள். கோட்டை வாசலுக்குத் திரும்பி வந்து கெஞ்சினார்கள். மதில் மேலிருந்து சுட்டார்கள். இரண்டு துப்பாக்கி வரிசைகளுக்கும் நடுவில் உள்ள வெளியில், புல்லின் வேரைப் பிடுங்கித் தின்றுகொண்டு, நாள்கணக்கில் கிடந்தார்கள். கடைசியில் கூட் மனமிறங்கி வழிவிட்டார். எதிரி வழிவிட்டான்; காப்பாற்ற வேண்டியவன் கதவைச் சாத்தினான். போர் வரலாறுகளில் இது இரண்டு வரிக்கு மேல் வருவதில்லை. முற்றுகை என்ற பெரிய தலைப்புக்குக் கீழே போய்விட்டதால், இதை ஒரு அரசு தன் மக்கள் மீது நடத்திய வன்முறையாக யாரும் தனியே எண்ணுவதில்லை.

1761 ஜனவரி 16 அன்று நகரம் சரணடைந்தது. ஆங்கிலேயர் கோட்டையை மட்டும் இடித்ததோடு நிற்கவில்லை, ஊரையே தரைமட்டமாக்கினார்கள். 1763 பாரிஸ் உடன்படிக்கைப்படி திரும்பக் கொடுத்தபோது பிரெஞ்சுக்காரர்களுக்குக் கிடைத்தது கல்மேடுதான். 1765-இல் வந்த லா தெ லோரிஸ்தோன் பழைய வீதிகளின் தடத்திலேயே ஊரை மறுபடி எழுப்பினார்.

மறுநாள் விசாரணை

நகரம் போன பிறகு பிரான்சில் ஆத்திரம் கிளம்பியது. யார் மீது? இடித்த ஆங்கிலேயர் மீது வழக்குப் போட முடியாது. லாலி மீது போட்டார்கள். அரசருக்குத் துரோகம் செய்தார் என்று தீர்ப்பாகி, 1766 மே 9 அன்று, பேசவிடாமல் வாயைக் கட்டி இழுத்துப்போய்த் தலையை வெட்டினார்கள். பிரெஞ்சு எழுத்தாளர் வோல்த்தேர் அவருக்காகப் பேனா பிடித்தார். மகன் விடாமல் வழக்காடினார். 1778-இல் பழைய தீர்ப்பு ரத்தானது. அதே ஆண்டில் ஆங்கிலேயர் புதுச்சேரியை மறுபடி பிடித்துக்கொண்டார்கள் என்பது சரித்திரத்தின் குறும்பு. பாரிஸ் வெறிபிடித்துத் தேடியது 'நகரத்தைத் தோற்றது யார்' என்ற கேள்விக்கான பதிலை. அந்த 1,400 பேர் மீது சுட்டது யார் என்பது அந்த ஆத்திரத்தில் இடம்பெறவில்லை. இன்றைக்கு புதுச்சேரியில் லாலி பெயரில் ஒரு வீதியும் இருக்கிறது.

வெளித்தாக்குதலுக்குப் பிறகு வரும் விசாரணை வேகமானது. எல்லோரும் ஒரே பக்கம் நிற்பதால். உள்வன்முறைக்குப் பிறகு வரும் விசாரணை இழுபடும். விசாரிக்க வேண்டிய அரசே வழக்கில் ஒரு கட்சிக்காரராக இருப்பதால். இந்தியாவில் இதற்கு இரண்டு தேதிகளைப் பக்கத்தில் வைத்தால் போதும். 2008 நவம்பரில் மும்பையில் 166 பேர் கொல்லப்பட்டார்கள். அடுத்த மாதமே நாடாளுமன்றம் தேசியப் புலனாய்வு முகமைச் சட்டத்தை நிறைவேற்றியது. உயிரோடு பிடிபட்ட கசாப் நான்கு ஆண்டில், 2012 நவம்பர் 21 அன்று, தூக்கிலிடப்பட்டான். 1984 நவம்பரில் டெல்லியில் மட்டும் கொல்லப்பட்ட சீக்கியர்கள் அரசுக் கணக்கிலேயே 2,733 பேர். கமிஷன் மேல் கமிஷன் உட்கார்ந்தது. அன்றைய ஆளுங்கட்சியின் பெரிய புள்ளிகளில் ஒருவரான சஜ்ஜன் குமாருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது 2018 டிசம்பரில். முப்பத்து நான்கு ஆண்டுகள்.

அமெரிக்காவும் விதிவிலக்கு இல்லை. செப்டம்பர் 11-ஐ விசாரிக்க இரு கட்சியினரும் கொண்ட கமிஷன் 2002-இல் அமைந்தது. 2004 ஜூலையில் அறிக்கை வந்தது. அந்தக் கமிஷனையே அச்சாக வைத்து ஜனவரி 6-க்கும் ஒன்று அமைக்கலாம் என்று மசோதா கொண்டுவந்தார்கள். 2021 மே 28 அன்று செனட்டில் 54 பேர் ஆதரவு, 35 பேர் எதிர்ப்பு. வேண்டிய 60 கிடைக்காமல் விழுந்தது. கீழவை தனியாக ஒரு குழு போட்டு விசாரித்தது. அதன் அறிக்கையை நாட்டில் பாதிப் பேர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் வழக்குகள் நடந்தன. 2025 ஜனவரி 20 அன்று பதவியேற்ற கையோடு அதிபர் டிரம்ப் ஏறக்குறைய அத்தனை பேருக்கும் மன்னிப்பு வழங்கினார். இதே நாடாளுமன்றக் கட்டடத்தை 1814 ஆகஸ்ட் 24 அன்று பிரிட்டிஷ் படை கொளுத்தியது. கொளுத்தியது யார் என்பதில் அமெரிக்கர்களுக்குள் இரண்டு கருத்து கிடையாது.

எங்கள் பக்கத்து வீட்டு மாமா ரோடியர் மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நியூ ஜெர்சியில் வேலை பார்க்கும் அவருடைய தங்கை மகன் ஒரு முறை விடுமுறைக்கு வந்திருந்தபோது திண்ணையில் இந்தப் பேச்சு வந்தது.

"அங்க எல்லாம் ரெண்டாப் பிரிஞ்சு கெடக்கு மாமா. இதைப் போய் ட்வின் டவரோட சேர்க்கறதான்னு ஆபீஸ்ல ஒருத்தர் சண்டைக்கே வந்துட்டார்."

"ட்வின் டவரை இடிச்சது யாருன்னு கேட்டா எல்லாரும் ஒரே பேரைச் சொல்லுவாங்களா?"

"சொல்லுவாங்க."

"இதுக்கு?"

"ஆளுக்கு ஒரு பேர்."

"அதாண்டா வித்தியாசம். செத்த கணக்கை விடு. எங்க மில்லுக் கதையையே எடுத்துக்கோ. சுட்டது யாருன்னா வெள்ளக்காரன்னு ஒருத்தர் சொல்லுவாரு. முதலாளின்னு ஒருத்தர். சுட்ட சிப்பாய் நம்ம ஊர்க்காரன்தானேன்னு இன்னொருத்தர். இதுல யார்கிட்ட போய் நியாயம் கேப்ப?"

நான் பல நாள் புரட்டிய காகிதங்களைவிட அவர் கேள்வி கூர்மையாக இருந்தது. வெளித்தாக்குதலில் குற்றவாளியின் பெயர் முதல் நாளே கிடைத்துவிடுகிறது. உள்வன்முறையில் பெயரைக் கண்டுபிடிப்பதே போராட்டமாகிறது.

ஒப்பீட்டில் உள்ள கண்ணி

ஒப்பிடவே கூடாது என்பதல்ல என் கட்சி. ஆனால் உள்ளே நடந்ததை வெளித்தாக்குதலுக்குச் சமம் என்று சொன்ன மாத்திரத்தில் ஒரு கதவு திறக்கும். செப்டம்பர் 11-க்குப் பிறகு ஏழு வாரத்துக்குள், அரசின் கண்காணிப்பு அதிகாரத்தைப் பெருக்கிய பேட்ரியட் சட்டம் வந்தது. 2002 ஜனவரியில், வழக்கு விசாரணையின்றி அடைத்து வைக்கும் குவாண்டனாமோ சிறை திறந்தது. எதிரிக்கென்று செய்த அந்த மருந்தை உள்ளூர்க்காரனுக்குப் புகட்டினால் என்ன ஆகும்? ஜனவரி 6-ஐப் போர் என்று வர்ணித்தவர்கள் இதை யோசித்ததாகத் தெரியவில்லை. இன்னொரு பக்கம், 'வெளியாட்கள் தூண்டிவிட்டார்கள்' என்பது போராட்டம் நடக்கிற ஒவ்வொரு ஊரிலும் அதிகாரிகளுக்குக் கைவந்த பாட்டு. போராடுகிறவனை வெளியாளாக்கிவிட்டால் சுடுவது சுலபம். அரசுக்கு இந்த ஒப்பீடு நம்மைவிட நன்றாகத் தெரியும். அது தேவைப்படும்போது எடுத்துப் பயன்படுத்திக்கொள்கிறது.

லாலிக்கு நேர்ந்தது சொலோமியாக்குக்கு நேரவில்லை. அந்த மட்டில் 1936-இல் பொறுப்புக் கேட்பது நடக்கவில்லை. ஆனால் சட்டம் வந்தது. முற்றுகைகளால் இந்த ஊர் மக்களுக்கு எந்த உரிமையும் வரவில்லை. கோட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறியது, அவ்வளவே. உள்வன்முறையில் அடிபட்டவர்களுக்கு அடித்தவரிடமே கேட்க வேண்டிய ஒன்று எப்போதும் பாக்கி இருக்கிறது. அதனாலேயே அது முடியாமல் நீள்கிறது. சில சமயம் அதனாலேயே எதையோ கொடுத்துவிட்டும் போகிறது.

யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்

பக்கத்து மாவட்டங்களிலேயே இரண்டு உதாரணம் உண்டு. 1965 ஜனவரி 27 அன்று இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிதம்பரத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் இறந்தார். இரண்டே ஆண்டில் போராட்டத்தின் பக்கம் நின்ற கட்சி ஆட்சிக்கு வந்தது. அவருக்குச் சிலை எழுந்தது. 1987 செப்டம்பர் 17-இல் தொடங்கிய வன்னியர் சாலை மறியலில் 21 பேர் உயிரிழந்தார்கள். 1989-இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 சதவீத இடஒதுக்கீடு வந்தது. ஆனால் அரசு செலவில் விழுப்புரத்தில் மணிமண்டபம் திறக்க 2025 ஆகிவிட்டது. அது ஏன் அப்போது வந்தது என்பதைத் தேர்தல் கணக்கு தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

வெளி எதிரியால் இறந்தவர்களுக்கு இந்தக் காத்திருப்பு கிடையாது. நியூயார்க்கில் செப்டம்பர் 11 நினைவிடம் பத்தாவது ஆண்டில் திறக்கப்பட்டது. ஜனவரி 6 அன்று கட்டடத்தைக் காத்த போலீஸாருக்கு ஒரு பலகை வைக்க வேண்டும் என்று 2022-இல் சட்டமே போட்டார்கள், ஓராண்டு கெடுவோடு. கெடு கழிந்து இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகியும் பலகை சுவரேறாமலே கிடந்தது. புதுச்சேரியில், கடற்கரைச் சாலை நினைவிடம் எழுந்தது 1930-களின் இறுதியில். அதாவது மில்லில் ரத்தம் காய்ந்த கொஞ்ச காலத்திலேயே, அதே நிர்வாகத்தின் கையால். ஐரோப்பியப் போரில் இறந்த பிரெஞ்சிந்திய வீரர்களுக்கு அது வேண்டியதுதான். அவர்களும் நம்மவர்களே, அவர்கள் சாவும் சாவே. மில்லில் இறந்தவர்களை நினைவில் வைத்திருக்கும் வேலை மட்டும் சங்கத்தின் தலையில் விழுந்தது. அந்தச் சங்கங்கள் நின்ற மில்களோ 2020-இல் மூடப்பட்டன. இனி அந்த வேலையை யார் எடுத்துச் செய்வார்கள் என்பது திறந்த கேள்வி.

2036-இல் நூறாண்டு நிறைகிறது. அதை அரசு விழாவாக எடுக்க வேண்டும் என்ற கோரிக்கை எப்படியும் எழும், எழட்டும். எனக்கு விழாவைவிடக் கோப்புகள் மேல் ஆசை. பிரெஞ்சிந்திய நிர்வாகத்தின் காகிதங்களில் ஒரு பகுதி புதுச்சேரி ஜீவானந்தபுரத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகக் கிளையில் இருக்கிறது. இன்னொரு பகுதி பிரான்சில் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரத்துக் குடியேற்ற நாட்டு ஆவணக் காப்பகத்தில். பிரெஞ்சு படிக்கவும் தமிழில் எழுதவும் தெரிந்த பிள்ளைகள் இந்த ஊரில் நிறையவே இருக்கிறார்கள். ஜூலை 30 அன்று சவானா மில்லுக்கு இயந்திரத் துப்பாக்கியைக் கொண்டுபோகும் உத்தரவு எத்தனை மணிக்கு, யார் கையெழுத்தில், யாருக்குப் போனது என்பதிலிருந்து அவர்கள் தொடங்கலாம்.